அப்பாயி தேடிய துறை

கடலை முதன்முதலில் நான் பார்த்தது ரயில் கக்கூஸின் ஜன்னல் வழியாக. 1978. எனக்குப் பத்து வயது. அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, மலையையும் பனிமூட்டத்தையும் தவிர வேறெதையும் பார்க்காதவன். ரயில் மன்னார்த் தீவுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். விடிந்தும் விடியாத நேரம். வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டித் திட்டினார்கள்.

அந்த வண்டிக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். போகிறவர்கள் உள்ளேயிருந்து அழ, நிற்கிறவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ, கோச்சி நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் ஓடி வருவார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனங்களைப் பங்கு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு வைத்தார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் ஆறு பேர். பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தப்பா குடும்பம் இலங்கைப் பங்கில் போய்விட்டது.

அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் ரொட்டியும் மாசிச் சம்பலும் தின்றுகொண்டு, பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று ஸ்டேஷன் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

தலைமன்னார் பியரில் ரயில் கடலோரத்திலேயே போய் நிற்கும். அதற்குப் பிறகு தண்டவாளத்துக்கு வேலை இல்லை, கப்பல்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது வந்த ஏற்பாடு அது. மெட்ராஸ் எழும்பூரில் டிக்கெட் எடுத்தால், ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை வரைக்கும் அதே டிக்கெட் செல்லும். போட் மெயில் என்று அந்த ரயிலுக்குப் பெயர் வந்ததே இதனால்தான்.

சுங்கத்தில் எங்கள் ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அம்மாவின் தோட்டை எழுதிக்கொண்டார்கள். தலையணைக்குள் அப்பா திணித்திருந்த தேத்தூளை யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் விட்டிருக்கலாம்.

ராமானுஜம் கப்பலைப் பார்த்ததும் எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. பத்து லயத்தைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்டது மாதிரி. ஏறினதும் நான் அம்மாவிடம் இல்லை. மேல்தளம், கீழ்த்தளம், இஞ்சின் சத்தம் கேட்கிற இடம் எல்லாவற்றுக்கும் ஓடினேன். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் இருந்தார்கள். முதுகில் மூட்டை சுமந்த ஹிப்பிகள் வெறுங்காலோடு படுத்திருந்தார்கள். ராணி சந்தன சோப்பும் கராம்பும் கொண்டுபோய் விற்று, சேலையும் லுங்கியுமாகத் திரும்புகிற வியாபாரிகள் சீட்டாடினார்கள். அவர்களுக்கு அது பஸ் மாதிரி.

அதில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எத்தின நாளைக்குப் போறீங்க?”

“நாங்க திரும்பி வரவே மாட்டோம்” என்றேன், பெருமையாக.

அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, “அம்மாக்கிட்ட குடு, மோந்து பாக்கச் சொல்லு, தலசுத்து வராது” என்றார். அந்த முகத்தின் அர்த்தம் புரிய எனக்கு இன்னும் பத்து வருஷம் ஆனது.

கடல் அன்று சாதுவாக இருந்தது. பச்சை, அப்புறம் நீலம், நடுவில் எங்கேயோ மணல்திட்டின் வெளுப்பு. மூன்று மணி நேரம் போல ஆகியிருக்கும். எனக்குப் பத்தவில்லை. அம்மாவுக்கு அந்தக் கப்பல் என்றால் கடைசி வரை வாந்தியும் கண்ணீரும்தான். எனக்கு அது கொண்டாட்டம். இதை வீட்டில் வெகுகாலம் நான் சொன்னதில்லை.

அப்பாயி அழவும் இல்லை, வாந்தி எடுக்கவும் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு கம்பியைப் பிடித்தபடி எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபுரம் தெரிந்ததும் எல்லாரும் கும்பிட்டார்கள். அது மட்டும் அப்பாவைக் கேட்டது.

“தனுஷ்கோடி எங்கடா?”

“இது ராமேஸ்வரம் ஆத்தா. தனுஷ்கோடி இப்ப இல்ல. புயல்ல போயிருச்சு.”

“நான் கப்பலேறுன ஊருடா அது. ஊரு எங்கிட்டுப் போகும்?”

ஆறு வயதில், கங்காணி சேர்த்த கூட்டத்தோடு, அப்பாயி தனுஷ்கோடியில் கப்பலேறியது. அந்தக் காலத்தில் துறை அங்கேதான். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ரயிலோடும் துறையோடும் ஊர் போனது. ஒப்பந்தமும் அதே வருஷம், அக்டோபரில். ஒரே வருஷத்தில் அப்பாயிக்கு இந்தக் கரையில் வந்த வழியும் அந்தக் கரையில் இருந்த இடமும் போய்விட்டன. அதற்கு இரண்டுமே தெரியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.

ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபம் முகாம். மறுபடியும் கடல் மேலே போகிறோமே என்று நான் குதித்தேன். முகாமில் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றபோது அப்பாயி மெதுவாகச் சொன்னது: “போறப்பவும் இங்கதான் வச்சிருந்தாங்க. ஊசி போட்டாங்க.” தோட்டத்துக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாம் அது. இப்போது இந்திய அரசு திரும்பி வருகிறவர்களை அங்கே இறக்கியது. அடைத்துவைக்கக் கட்டிய இடத்துக்கு எப்போதும் ஆள் கிடைத்துவிடுகிறது.

அங்கிருந்து கோத்தகிரிப் பக்கம், மறுபடி தேயிலைக்கே. பள்ளிக்கூடத்தில் என் பெயர் சிலோன்காரன். அந்தக் கதை தனி.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னாருக்கு ரயிலும் நின்றது. 2015இல் தண்டவாளம் போட்டு ரயிலை மறுபடி விட்டார்கள், கப்பலை விடவில்லை. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டிருக்கிறார்கள். நல்லதுதான். என் கப்பல் அதுவல்ல.

சில வருஷம் முன்பு, விமானத்தில் கொழும்பு போய், பஸ்ஸில் மன்னார், அங்கிருந்து தலைமன்னார் என்று சுற்றிக்கொண்டு போனேன். துறையின் இரும்புக் கால்கள் துருவேறிக் கடலுக்குள் நின்றன. பலகைகள் இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இங்கிருந்து அந்தக் கரை தெரியுமா என்று கேட்டேன்.

“பகல்ல தெரியாது ஐயா. ராவைக்கு நிண்டா ராமேஸ்வரம் டிவி கோபுரத்து லைட் தெரியும்.”

மன்னாருக்குக் கடைசி பஸ் இருட்டுவதற்கு முன்பே என்றார்கள். அதில்தான் வந்தேன்.