தகடும் ஒரு ஒயர்

சென்னை பாடியில் பஸ் கண்டக்டர் "லூகாஸ்" என்று குரல் கொடுத்தால் போதும், இறங்குகிறவர்கள் படியை நோக்கி நகர்ந்துவிடுவார்கள். லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வந்த பிறகு அதன் பெயரே நிறுத்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது. காரின் டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இந்தப் பக்கத்தில் பிறந்த பொருள்கள். அந்த நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் 1967-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று மரக்கட்டைகள்மேல் ஏறி நின்றது. அதில் வேலை செய்த டிங்கரையும் எலக்ட்ரீஷியனையும் பார்க்க நான்கு சனிக்கிழமைகள் அங்கே போனேன்.

வண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. அவருடைய அப்பா வாங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் வீட்டு வாசலிலேயே இருக்கை மட்டம்வரை மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் கழுவி, காயவைத்து, புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருடா வருடம் ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் பல்பும் சேர்ந்து லேசாக எரிந்தது. போன மழைக்காலத்தில் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் அடியில் தரை தெரிந்தது. "கீழ துரு, மேல லைட்டு, ரெண்டு கோளாறு" என்று சொல்லி வண்டியை விட்டுப் போனார் ஆசிரியை.

ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் என்ற பெயரில் வெளிவந்த கார். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கேலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961 முதல் இதைத் தயாரித்தது. தனிச் சேஸியின்மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே உறுப்பு. பின்பக்கம் தூக்கி முன்னால் சாய்த்தால் இன்ஜின் முழுவதும் வெட்டவெளியாகத் தெரியும். ஹெட்லைட்டுகளும் அதோடு சேர்ந்து கவிழ்ந்து நிமிரும். 1988-ல் அந்தக் கம்பெனியின் கார் தயாரிப்பு நின்றுவிட்டது. புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் சல்லடை போட்டுத் தேடினால் விளக்கு வளையமோ கைப்பிடியோ கிடைக்கலாம். அரித்துப்போன அடித்தகட்டை மட்டும் யாராவது கையால்தான் செய்தாக வேண்டும்.

அந்த யாரோ, அறுபதைத் தாண்டிய டிங்கர் அண்ணன். முதல் நாள் அவர் பெயிண்டைச் சுரண்டவில்லை. சின்ன சுத்தியலால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்று மாறியது. அங்கே சாக்பீஸால் கோடு. பிறகு, துணி சுற்றிய காந்தத் துண்டை அதே வழியில் நகர்த்தினார். இரும்பு இருக்கிற இடத்தில் பிடித்தது. பட்டி போட்டு மூடிய இடத்தில் வழுக்கி விழுந்தது. "பெயிண்டு பொய் சொல்லும் சார். காந்தம் சொல்லாது" என்றார்.

பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்த பிறகே கேஸ் வெல்டிங் சிலிண்டர் உள்ளே வந்தது. சாக்பீஸ் கோட்டை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி வெட்டினார். துருவின் ஓரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முடிவதில்லையாம். தகடு பளிச்சென்று வெள்ளி நிறம் காட்டும்வரை போக வேண்டும். பெட்டியின் வாய் திறந்ததும் உள்ளிருந்து சாம்பல் நிற மண் பாளம் பாளமாகக் கொட்டியது. கையில் எடுத்துப் பார்த்தேன். அடையாற்று வண்டல். 2015-ல் உள்ளே போனது, அன்று வரைக்கும் ஒவ்வொரு மழையின் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறது.

துரு பிடிக்க இரும்போடு காற்றும் நீரும் சேர வேண்டும். உப்பு இருந்தால் வேகம் கூடும். இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பெருக்கிறது. அதனால்தான் பெயிண்ட் முதலில் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது தகடு உள்ளிருந்து பாதி போயிருக்கும்.

அண்ணன் பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். சிறுவிரல் நுழையும் அளவில் ஒரு துளை. அதன்மேல் கறுப்பாகத் தார் அப்பியிருந்தது. "இது தண்ணி வெளிய போற ஓட்டை. கம்பெனிக்காரன் யோசிச்சு வெச்சது. வெள்ளத்துக்கு அப்பறம் யாரோ அண்டர்கோட்டுன்னு சொல்லி இதையும் சேத்து மூடிட்டாங்க. தண்ணி வர்றதத் தடுக்க முடியாது சார். போறதுக்கு வழி விடணும்." அந்தக் கடைசி வாக்கியத்தை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அது வேறு வேறு உருவில் திரும்பி வந்தது.

புதுத் தகட்டுக்கு அளவு எடுத்தது பிஸ்கட் டப்பா அட்டையில். அட்டையை வளைத்து, மடித்து, வெட்டிச் சரிபார்த்து, அதன்மேல் 20 கேஜ் தகட்டை வைத்துக் கோடு கிழித்தார். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். அதில் ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். இந்தக் கோடியில் ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி, ஈரத் துணியால் ஒத்தடம், பிறகு நடுவில் ஒரு புள்ளி என்று பொட்டு வைப்பதுபோல் வைத்தார். உள்ளே டாலிக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டும்போது அவர் கண் தகட்டில் இல்லை; உள்ளங்கையால் தடவித்தான் மேடுபள்ளம் பார்த்தார். பழைய தகட்டின் ஓரங்களில் ஆசிட் தடவி, துரு கறுத்து அடங்கியதும் பிரைமர். பெட்டிக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சிவிட்டுக் கடைசியாகத் துளையில் ஒரு கம்பியை விட்டு எடுத்தார். வழி திறந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வேலை. கொட்டகையில் எல்லோருக்கும் அவர் பாய். சாய்த்துவைத்த பானெட்டுக்குள் தலையை விட்டு ஒயர் நிறங்களை ஒப்பிப்பதுபோல் சொன்னார்: பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது; வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது; நீலம், ஹெட்லைட்; சிவப்பு, பார்க்கிங் லைட்டும் பின்விளக்கும்; பச்சையில் கோடு போட்டவை, பிரேக்கும் இண்டிகேட்டரும்; கறுப்பு, எர்த். லூகாஸ் வகுத்த இந்த நிற வரிசையை நாற்பது வருடமாகத் தலையில் வைத்திருக்கிறார். அறுபது வருட அழுக்கில் எல்லா ஒயரும் ஒரே நிறமாகிவிட்டது. எச்சில் தொட்டு ஒரு அங்குலம் துடைத்தால் நீலம் எட்டிப் பார்க்கிறது.

பேட்டரியை மறுபடி இணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தார். அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு வோல்ட் காட்டியது.

"பல்புக்கு ஒரு ஒயருதான் போகுது, பாத்தீங்களா? போன கரண்டு திரும்பி எப்படி வரும்? இந்தத் தகடு வழியாத்தான் வரும். தகடும் ஒரு ஒயருதான் சார். அதுல துரு பிடிச்சா ஒயரு பாதி அறுந்த மாதிரி."

கீழே துரு, மேலே லைட்டு என்று ஆசிரியை சொன்ன இரண்டு கோளாறும் ஒன்றாகிப்போன நொடி அது. பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு வோல்ட் துருவேறிய மூட்டுகளிலேயே சூடாகக் கரைகிறது. பல்புக்குப் பத்து வோல்ட் மட்டும் போனால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு நிற்பதில்லை, ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. டங்ஸ்டன் இழையின் குணம் அப்படி. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்ததற்கும் காரணம் இதுதான். தன் எர்த்தில் வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்துப் பல்பின் வழியாகச் சுற்றி ஊருக்குத் திரும்புகிறது. இந்த வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒயர் வளைந்து நிமிர்கிறது. ரப்பர் முழுசாக இருந்தும் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருந்தன.

ஆசிரியையின் மருமகன் எல்.இ.டி. பல்ப் வாங்கி வந்திருந்தார். பாய் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கண்ணாடியும் குழிவும், இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வார்த்தவை. வெளிச்சம் பிறக்கும் இடம் மாறினால் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும் என்றார். அதிக வாட் பல்பும் வேண்டாம். இந்த டைனமோவால் தர முடிந்ததே 22 ஆம்பியர், சிக்னலில் நிற்கும்போது அதுவும் கிடையாது. பழைய பல்பே போதும். இரண்டு ரிலே வைத்தார்: இனி விளக்கின் முழு மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்து நோஞ்சான் ஸ்விட்ச் வழியாக ஓட வேண்டியதில்லை. ஃபியூஸே இல்லாத வழியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. பானெட்டிலிருந்து சேஸிக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. டிங்கர் அண்ணன் பிரைமர் துப்பாக்கியோடு வந்து, அடிக்காமல் நின்றார். "பாய், எர்த்து எங்கெங்க?" பாய் குனிந்து ஆறு இடம் காட்டினார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாணய அளவுக்கு டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டினார் அண்ணன். பெயிண்ட் ஏறினால் அந்த இடத்தில் மின்சாரம் ஏறாது. டேப்பை உரித்து, வளையத்தை முறுக்கி, மேலே கிரீஸ் அப்பியது பாய். அந்த வெற்றுத் தகட்டை நாளைக்கு ஈரம் தொடாமலிருக்க.

இன்று கார் நசுங்கினால் தகட்டை நிமிர்த்துகிறவர்கள் குறைவு. கழற்றி எறிந்து புதுசு மாட்டுகிறார்கள். ஒயரிங் என்றாலும் மொத்தக் கட்டையும் மாற்றிவிடலாம். அண்ணனிடம் கேஸ் டார்ச் பிடிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருடமாக யாரும் வரவில்லை. பாயிடம் ஒரு தம்பி இருக்கிறான். பதினெட்டு வயது, ஐ.டி.ஐ. முடித்தவன். இந்த இருவரின் அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை. தட்டும் சத்தத்திலும் எச்சில் தொட்ட விரலிலும் இருக்கிறது. அது அடுத்த கைக்குப் போக வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

நான்காவது சனிக்கிழமை இருட்டிய பிறகு ஆசிரியை வந்தார். பாய் தம்பியைப் பார்த்து, "மொதல்ல மீட்டரு வைடா" என்றார். பையன் முனைகளை வைத்தான். புள்ளி ஒன்று. பிறகுதான் ஸ்விட்ச். எதிர்ச்சுவரில் இரண்டு வட்டங்கள் மஞ்சளாக விழுந்தன, ஒரே உயரத்தில். ஆசிரியை எதுவும் பேசாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரைப் பெட்டித் தகட்டின் மேல்வாயில் ஊற்றினார். அடித்துளையிலிருந்து அது சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து தீரும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தார்.