நடப்போர்க்கு ஒரு வழி

பழந்தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருளாகும். பரிசில் பெற்று மீண்ட கலைஞன் வறியவன் ஒருவனுக்கு வழிகாட்டும் நூல்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயர். பாணரும் கூத்தரும் அவ்வழிகளில் நடந்தே சென்றனர். இன்றோ சாலை அகன்றுவிட்டது. நடப்போர்க்கு அதில் இடம் குறுகிவிட்டது.

1991 ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்தறிவு பெற்ற ஊர்ப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் பயின்றனர். குழந்தையை முன்னே அமர்த்தி, நீர்க்குடத்தைப் பின்னே கட்டி, பிறர் துணையை எதிர்பாராது அவர்கள் சென்ற காட்சியை என்னென்பது! ஏளனம் செய்தோரும் இருந்தனர். அப்பெண்கள் அதனைப் பொருட்படுத்தினாரல்லர்.

பின்னர்த் தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கலாயிற்று. வண்டி வந்தது, அது செல்லத் தனிவழி வந்ததோ? பேருந்தும் சரக்குந்தும் விரையும் நெடுஞ்சாலையின் ஓரத்தே, சக்கரத்தை மண்ணில் இறக்கியும் தாரில் ஏற்றியும் செல்லும் மாணவியைக் காண்போர் நெஞ்சம் நடுங்கும்.

நடைபாதையின் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வரையறை. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வரின் விலகிச் செல்ல அவ்வளவு வேண்டும். அவ்விடத்தே கடையும் மின்மாற்றியும் நின்றுவிடின் வரையறை ஏட்டுச் சுரைக்காயே. சென்னை மாநகராட்சி 2014 இல் நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019 இல் பாண்டி பஜாரில் நடைபாதை அகன்றது. சிற்றூர்ப் பள்ளிச் சாலைக்கு அந்நாள் எந்நாளோ? மாணவர் எவ்விடத்தில் இறங்கித் தள்ளுகின்றனர், எவ்விடத்தில் அஞ்சி நிற்கின்றனர் என்பதை வரைபடம் காட்டாது. சாலை வகுப்போர் ஒருநாள் காலையில் அப்பள்ளிக்கு மிதிவண்டியிலேயே சென்று பார்ப்பாராக.