பொருந்துகற்களும் அவற்றின் மூலவரும்

ஒரு படைப்பை ஒருவர் பெயரோடு மட்டும் பிணைத்துப் பேசுவது உலக வழக்கு. ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்ரிக் விளையாட்டுக் கற்கள் எனின் டென்மார்க்கின் 'லெகோ' என்ற பெயரே எவர்க்கும் நினைவில் எழும். ஆயினும் அக்கற்களின் வரலாறு பலருக்கு உரியது.

பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சராயிருந்த ஓல கியர்க் கிறிஸ்ரியான்சன், பொருளாதார மந்தத்தால் தொழில் நலிவுற்ற 1932ஆம் ஆண்டில் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் டேனிய மொழிச் சொற்களிரண்டைச் சுருக்கி, 1934இல் தம் நிறுவனத்துக்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். இங்கிலாந்திலோ 1935 முதலே 'மினிபிறிக்ஸ்' என்னும் இறப்பர்க் கற்கள் வழங்கின. அங்கு ஹில்லரி பேஜ் என்பவர், மேலே குமிழ்களும் உள்ளே வெறுமையும் கொண்ட பிளாஸ்ரிக் கற்களை 1947இல் தம் 'கிடிகிராவ்ற்' நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டார். பிளாஸ்ரிக் வார்ப்பு இயந்திரமொன்றை வாங்கியிருந்த கிறிஸ்ரியான்சனுக்கு அக்கற்களின் மாதிரிகள் கிட்டின. அவற்றைச் சிறிது மாற்றி 1949இல் அவர் தம் கற்களை விற்பனைக்கு விட்டார்.

இம்மட்டில் நின்றிருப்பின் இது வெறும் போலிசெய்தலின் கதையே. ஆனால் வெறுமையான அக்கற்களுக்குப் பிடிமானம் போதவில்லை. அடுக்கியவை எளிதிற் குலைந்தன. மகன் கொட்பிரெட்டின் தலைமையில் கல்லினுள்ளே சிறு குழாய்கள் அமைக்கப்பட்டன. கீழ்க்கல்லின் குமிழ்கள் மேற்கல்லின் சுவருக்கும் குழாய்க்குமிடையே இறுகின. 1958 சனவரி 28ஆம் நாள் இதற்கு ஆக்கவுரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கற்கள் ஆறினை 91 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் என்பது கணித முடிவு.

பேஜ் 1957இலேயே மறைந்தார். லெகோ கற்கள் பிரித்தானியச் சந்தைக்கு வந்த 1960ஐ அவர் காணவில்லை. கிடிகிராவ்ற் கற்களுக்கான உரிமைகளை லெகோ 1981இல் விலைக்கு வாங்கியது. ஹொங்கொங்கிலிருந்து சென்ற வழக்கொன்றில், பழைய வரைபடத்தைச் சிறு மாற்றங்களுடன் மீள வரைவதால் மட்டும் புதிய பதிப்புரிமை பிறவாது என 1988இல் கோமறைக் கழகம் தீர்த்தது. அங்கு தோற்றது லெகோவே.

சட்டம் உரிமையை அளக்கும்; கடனை அளப்பதில்லை. கிடிகிராவ்ற் கற்களுக்குத் தான் பட்ட கடனை இன்று லெகோ நிறுவனமே தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கின்றது. குழாயை அமைத்தவரின் புகழ் நியாயமானதே. அக்குழாய் பிறரது சிந்தனையில் உருவான கல்லினுள் அமைந்தது என்று கூறுவதால் அப்புகழ் குன்றிவிடாது. முன்னோரின் கருத்துகளின்மேல் தம் ஆய்வுகளை எழுப்பும் கல்வியாளருக்கும் இது பொருந்தும்.