பழைய வண்டிக்குப் புதுச் சாவி

பெரியப்பாவின் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் சாவி திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துவிட்டது. மெக்கானிக் பார்த்ததுமே, "லாக் செட்டையே மாத்திடுங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. 1994-இல் அறிமுகமான மாடல். சாவியில் சிப் எதுவும் கிடையாது. பூட்டுக்குள் இருப்பது மெல்லிய தகடுகளும் ஸ்பிரிங்குகளும்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்கார அண்ணனைக் கூட்டி வந்தேன். வெட்டாத சாவி ஒன்றை உள்ளே விட்டு, அழுத்தித் திருப்பி, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தகடு உரசிய இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு தடம். அங்கே மட்டும் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு. மறுபடி விட்டார், திருப்பினார், ராவினார். அவசரமே இல்லை. கடைசியில் பூட்டு திரும்பி, நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. என்ன கை அது!

அதைவிடப் பிடித்தது, வேலையைத் தொடும் முன்பே அவர் ஆர்.சி. புக்கைக் கேட்டதுதான். கேட்காமல் சாவி போட்டுத் தருகிறவரிடம் போகாதீர்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களே, லாக் செட்டை மாற்றும் முன் ஒரு நல்ல சாவிக்காரரைப் பாருங்கள். கையோடு இன்னொரு சாவியும் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.