வாங்காத கடன்

எங்கள் பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் அவரை லேசில் ஒத்துக்கொள்ளாது. துடைத்துத் துடைத்து நாலு தடவை வைக்க வேண்டும். அதே மனிதரின் பெயரில், அவருக்கே தெரியாமல், ஒரு ஆன்லைன் கடன் கம்பெனி 45,000 ரூபாய் கொடுத்திருக்கிறது. ஆள் நேரில் நின்றாலும் ஒரு கம்ப்யூட்டர் நம்பவில்லை. ஆளே வராதபோது இன்னொன்று நம்பிவிட்டது.

தங்கச்சியின் படிப்புக் கடனுக்காக பேங்க்குக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிபில் ரிப்போர்ட்டில் கட்டாத கடன் ஒன்று. பான் நம்பரும் பிறந்த தேதியும் பெரியப்பாவுடையது, மொபைல் நம்பர் யாருடையதோ.

"நான் வாங்கவே இல்லைங்க சார்."

"வாங்கலைன்னு அவங்ககிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

நான்தான் என்று காட்ட அவரிடம் ஒரு பை நிறைய காகிதம் இருந்தது. நான் இல்லை என்று காட்ட ஒன்றுகூட இல்லை.

எங்கிருந்து போயிருக்கும்? வீட்டு ஓனர், சிம் கடை, பைக் ஃபைனான்ஸ், கான்ட்ராக்டர் என்று ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கொடுத்த ஜெராக்ஸுக்குக் கணக்கே இல்லை. கொடுக்காவிட்டால் வீடு இல்லை, வேலை இல்லை. எதிலிருந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

என் தொழிலில் யூசர்நேம் வேறு, பாஸ்வேர்ட் வேறு. முதலாவது ஊருக்கே தெரியலாம். இரண்டாவது தெரிந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம். பான் நம்பரும் பிறந்த தேதியும் யூசர்நேம் மாதிரி. அதைப் பாஸ்வேர்டாக ஏற்றுக்கொள்ளும் கம்பெனிதான் கதவைத் திறந்துவைக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தியாபுல்ஸ் குழுமத்தின் 'தனி' செயலியில் தங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கிவிட்டதாகப் பலர் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர்.

அதே வருஷம் மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் பிரதியைக் கொடுங்கள் என்றது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வழக்கமான ஜாக்கிரதை போதுமாம். நம் ஊர் வழக்கம் ஜெராக்ஸ்தானே!

ஆனாலும் அந்த மறைத்த பிரதி இன்றும் ஆதார் தளத்தில் கிடைக்கிறது. கைரேகையை ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தியில் பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்டால் வருஷம் முழுக்கக் கண் வைத்த மாதிரி.

பெரியப்பாவுக்காக சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்தோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி: அடையாளத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்த ரசீதோடு கடன் கம்பெனிக்கும் சிபிலுக்கும் எழுதினோம். ரிப்போர்ட் பிழையை 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் குறிப்பிட்டு மறுபடி மெயில் போட்ட பிறகு, 52-வது நாள் அந்தக் கடன் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்தது.

காலேஜ் அதற்குள் திறந்துவிட்டது. முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு அடகு வைத்த பெரியம்மாவின் செயின் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அடகுக் கடைக்காரரும் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். பெரியம்மா கடைசி நாலு எண் மட்டும் தெரியும் பிரதியை நீட்டினார். அவர் தலையாட்டிவிட்டார்: "முழு நம்பர் வேணும்மா."