இளஞ்சிவப்புக் கோடு

பாழடைந்த கோயில் மாதிரியே கட்டிய கட்டடம் அது. 1999இல் பூங்கா திறந்த அன்றைக்கே அதன் தூண்கள் முறிந்து, சிலை உடைந்துதான் இருந்தன. வர்ணக்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு பாசி பிடிக்க வைத்த சுவர்கள். உள்ளே நடந்துவந்த, கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் கதையான 'பொசைடன்ஸ் ஃப்யூரி' காட்சியை 2023 மே மாதம் மூடிவிட்டார்கள். இது அந்த வருஷ டிசம்பர். வாசலில் தட்டி வைத்து அடைத்திருக்கிறது. எது பூசின பாசி, எது தானாக வந்த பாசி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், யுனிவர்சல் நிறுவனத்தின் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்காவில் ஒரு மூலை இது. 'லாஸ்ட் கான்டினென்ட்' என்று பெயர். ஒரு பக்கம் ஹாரி பாட்டரின் ஹாக்ஸ்மீட், இன்னொரு பக்கம் குழந்தைகளுக்கான டாக்டர் சூஸ் உலகம். கூட்டம் முழுக்க அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே போகிறது. நடுவில் இருக்கிற இதைப் பலரும் ஒரு நடைபாதையாகத்தான் பார்க்கிறார்கள். தலைகீழாகச் சுற்றும் சவாரிகள் என் வயிற்றுக்கு ஒத்துவராததால், மற்றவர்களின் பைகளுக்குக் காவலாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பை காக்கிறவனை யாரும் ஒரு ஆளாக எண்ணுவதில்லை. ஒட்டுக்கேட்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

தட்டிக்கு முன்னால் மூன்று பேர் குந்தியிருக்கிறார்கள். ஏதோ விழுந்துவிட்டது, தேடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் தரையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நடைபாதை சிமெண்டில் ஸ்ப்ரே பெயிண்டால் கோடுகள், அம்புக்குறிகள், ஒன்றிரண்டு எழுத்துகள். மூவரில் மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கழுத்துப் பட்டை நிறைய பூங்காவின் பின்கள், நடந்தால் கிணுகிணுவென்கிறது. அவர் ஆள்காட்டி விரலைத் தரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, தொடாமல் நகர்த்துகிறார்.

"சிவப்பு கரண்ட். நீலம் குடிதண்ணி. பச்சை சாக்கடை. ஆரஞ்சு டெலிபோன், கேபிள். மஞ்சள் கேஸ்."

இது அவர் கற்பனை இல்லை. அமெரிக்கா முழுக்க மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் அடியில் என்ன ஓடுகிறது என்று குறித்துவைக்கும் நிறக் கணக்கு அது. விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது இளஞ்சிவப்பு. சர்வே."

ஊதாச் சட்டை போட்ட பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். நீண்ட லென்ஸ் மாட்டிய கேமரா அவள் தோளில் தொங்குகிறது. ஹாக்வார்ட்ஸ் கோட்டை பின்னால் வெயிலில் நிற்கிறது. அதை அவள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. இளஞ்சிவப்புக் கோட்டை மட்டும் நாலு பக்கமிருந்தும் எடுத்தாள். பக்கத்தில் தன் செருப்புக் காலை வைத்து, அளவுக்காக ஒன்று.

மூன்றாவது ஆள் ஒல்லியான பையன். பச்சை டி-ஷர்ட்டில் மூன்று தங்க முக்கோணங்கள். கையில் பட்டர்பியர் கோப்பை, மேல் உதட்டில் நுரை. அவனுக்குச் சந்தேகமே இல்லை. "செல்டாதான். வேற என்ன?"

செல்டா என்பது நின்டெண்டோவின் வீடியோ விளையாட்டு. மரியோ கம்பெனியேதான். யுனிவர்சலும் நின்டெண்டோவும் 2015இல் கைகோத்தன. 2021இல் ஒசாகாவில் மரியோ உலகம் திறந்தது, 2023 பிப்ரவரியில் ஹாலிவுட்டில். அடுத்தது செல்டா என்பது பையனின் கணக்கு. போன மாதம்தான் செல்டா சினிமாவாக வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவன் குரல் ஏறியது.

"படத்தை வெளியிடறது சோனி," என்றாள் ஊதாச் சட்டை.

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. போட்டிக் கம்பெனி வெளியிடுகிற படத்துக்கு யுனிவர்சல் ஏன் காசைக் கொட்டி ஊர் கட்டும் என்பது அவள் வாதம். பின்கள் கிணுகிணுக்க மூத்தவர் நடுவில் புகுந்தார். அதோ அந்தப் பக்கம் மார்வெல் தீவு இல்லையா? மார்வெலை டிஸ்னி 2009இல் வாங்கிவிட்டது. ஆனாலும் 1994இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஸ்பைடர்மேன் இன்னும் போட்டிக்காரன் பூங்காவில்தான் வேலை பார்க்கிறான். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டிஸ்னி தன் சொந்தச் சொத்தை நினைத்தபடி பயன்படுத்த முடியாமல் தவிக்கிறது. "பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறதுதான் கணக்கு. படம் யார் வெளியிட்டா என்ன?"

வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

பேப்பரில் இவர்களுக்குள்ள பிடிப்பு சாதாரணமானதல்ல. ஃப்ளோரிடாவில் கட்டட வேலை தொடங்குமுன் கவுண்டி அலுவலகத்தில் ஓர் அறிவிப்பைப் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மழைநீர் எங்கே வடியும் என்று நீர்வள மேலாண்மை அலுவலகத்துக்கு வரைபடம் தர வேண்டும், அதையும் பார்க்கலாம். கம்பெனி இடத்தின் பெயரை மறைத்து ஒரு எண்ணைப் போட்டு வைக்கும். ஊதாச் சட்டையின் செல்போனில் இதற்கென்றே தனிக் கோப்பு. மேலே ஹெலிகாப்டரில் இருந்து யாரோ எடுத்த படம், கீழே வரைபடம், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறாள். கம்பெனி வாயைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை கழிப்பறை என்பதுகூட இவர்களுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

நகரின் இன்னொரு பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த 'எபிக் யுனிவர்ஸ்' பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே என்னென்ன உலகங்கள் என்ற முழுப் பட்டியலைக் கம்பெனி அன்றுவரை அறிவித்திருக்கவில்லை. பையன் விரல் மடக்கி ஒப்பித்தான்: மரியோ, ஹாரி பாட்டரின் மந்திர அமைச்சகம், டிராகன் பழக்கும் தீவு, பழைய பேய்ப்படங்களின் ஊர், நடுவில் ஒரு தோட்டம். அடுத்த மாதம், 2024 ஜனவரியில், அறிவிப்பு வந்தது. ஐந்தும் அப்படியே.

ஆனால் தப்பாய்ப் போனவையும் உண்டு. அதைச் சொல்வதில் மூத்தவருக்குத்தான் தனி ருசி. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் இந்த இடத்துக்கு வரும் என்று எத்தனையோ வருஷமாகப் பேச்சு. வரவில்லை. பக்கத்துப் பூங்காவில் குழந்தைகள் பகுதியை 2023 ஜனவரியில் மூடினார்கள். போகிமான்தான் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. கடைசியில் ட்ரீம்வொர்க்ஸ் என்று அறிவித்தார்கள். பையன் நுரையைத் துடைத்துக்கொண்டான். சத்தியம் செய்தவர்களில் அவனும் ஒருவன் என்று நினைக்கிறேன். உடனே ஊதாச் சட்டை தன் சரக்கை இறக்கினாள்: "விக்கெட். அடுத்த வருஷம் படம். யுனிவர்சலோட சொந்தப் படம். அதுல வர்ற மரகத நகரம் இங்கதான்." இவர்களில் யாருக்கும் இன்னொருவரை ஜெயிக்கும் அவசரம் இல்லை. ஜெயித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே.

பெருக்குகிற இளைஞன் ஒருவன் வந்தான். சீருடை, நீளக்கைப்பிடி குப்பைத்தட்டு. மூவரும் சட்டென்று எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் வானத்தைப் பார்த்தார்கள். அவன் இளஞ்சிவப்புக் கோட்டின்மேல் கிடந்த பாப்கார்னை வாரிக்கொண்டு சிரித்தான். சிரித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். "பாத்தீங்களா?" என்றாள் ஊதாச் சட்டை. "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு." அவனுக்கு ஷிஃப்ட் முடியும் நேரம்கூடச் சரியாகத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கோடுகளும் ஒரு குழாய் ஒழுகலுக்காகப் போட்டவையாக இருக்கலாம். அதை எழுந்துபோய்ச் சொல்ல மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேச்சு பின்னோக்கித் திரும்பியது. புதிது எது என்று ஆரம்பித்தவர்கள், போனது எது என்பதில் வந்து நின்றார்கள். பக்கத்தில் சிந்துபாத் சாகசக் காட்சி நடந்த அரங்கம்; 2018 செப்டம்பரில் மூடியது. அதன் முன்னால் ஒரு நீரூற்று, ஆட்களோடு பேசும், வம்புக்கு இழுக்கும், ஏமாந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடிக்கும். மூத்தவரின் மகளை ஐந்து வயதில் நனைத்து அழவைத்ததாம். இப்போது அவளுக்கே ஐந்து வயதில் பெண் இருக்கிறாள். இரண்டு டிராகன் ரயில்கள் நேருக்கு நேர் பாய்ந்து மயிரிழையில் விலகும். 2010இல் ஹாரி பாட்டர் வந்தபோது இந்த லாஸ்ட் கான்டினென்ட்டின் ஒரு பகுதியோடு அவையும் அந்தப் பக்கம் சேர்ந்தன, 2017இல் மொத்தமாகப் போயின. பொசைடன் கோயிலுக்குள் தண்ணீரே சுழன்று குகையாக நிற்க, அதற்குள் நனையாமல் நடந்துபோகலாம். அதைச் சொல்லும்போது மூவரும் ஒரே மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினார்கள். பையன் கை சுழற்றியதில் பட்டர்பியர் சிந்தியது.

"ஜாஸ் போனப்போ ஒரு மாசம்தான் அவகாசம் குடுத்தாங்க," என்றார் மூத்தவர், பக்கத்துப் பூங்காவின் சுறா சவாரியைப் பற்றி. 2012 ஜனவரி 2ஆம் தேதி, கடைசிப் படகு. அந்த இடத்தில்தான் 2014 ஜூலையில் ஹாரி பாட்டரின் டயகன் ஆலி திறந்தது. அதற்கும் முந்தைய துக்கம் கிங்காங். 2002இல் அதை மூடி, 2004இல் மம்மி சவாரியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கட்டியவர்களுக்கு மனசாட்சி இருந்திருக்கிறது: மம்மியின் புதையல் அறையில், குவித்த பொன்னுக்கு நடுவே, சின்னதாக ஒரு தங்கக் கிங்காங் உட்கார்ந்திருக்கிறது. சவாரியில் ஒரு நொடிதான் கண்ணில் படும். இவர்கள் அந்த நொடிக்காகவே ஏறுகிறவர்கள்.

அப்படியானால் வரப்போகிற உலகத்தில் பொசைடனுக்கு எங்கே ஞாபகச்சின்னம் வைப்பார்கள்? அடுத்த கேள்வி இதுதான். இன்னும் இடிக்கவில்லை. இடிப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை. வரப்போவது செல்டாவா, மரகத நகரமா என்று மூவருக்குள்ளேயே ஒப்பவில்லை. ஆனால் பொசைடனின் சூலாயுதம் ஏதாவதொரு கடையின் சுவர் மூலையில், கொஞ்சம் உயரத்தில், தேடுகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி தொங்கவேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே அபிப்பிராயம். கடையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை பேசி முடித்தார்கள்.

அதற்குள் அவர்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தட்டியைப் பார்த்தபடி மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் நிற்கத்தானே செய்வான். ஒரு ஜோடி, பிறகு இரட்டைத் தள்ளுவண்டியோடு ஓர் அம்மா, அவளை ஒட்டி ஒரு கல்லூரிக் கூட்டம். யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் ஒழுங்காக ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். தள்ளுவண்டி அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். இது எந்த சவாரிக்கு வரிசை, எவ்வளவு நேரம் ஆகும்?

மூத்தவர் திரும்பி, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், "2028ங்கறாங்க. என் கணக்குல 2029," என்றார்.

"2030க்கு முன்னாடி நடக்காது," என்றாள் ஊதாச் சட்டை.