தளம் போடுவதற்கு முந்தைய மாலை

தளம் போடுவதற்கு முந்தைய நாள் மாலை சென்ட்ரிங் மேல் ஏறி நின்றால் ஒரு வீட்டின் உண்மை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கம்பி எத்தனை மில்லி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, எல்லாமே. மறுநாள் மிக்சர் மெஷின் ஓட ஆரம்பித்தால் மதியத்துக்குள் அத்தனையும் மூடிவிடும். மதுரையைச் சுற்றி 20 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரரைக் காக்க ஒரு சட்டம் வருமானால், அது அந்த மாலையில் வந்து நிற்க வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கவர் பிளாக் பாதியில் தீர்ந்துபோனது. தளத்துக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிறு கட்டி. கொத்தனார் ஜல்லியை அண்டக் கொடுத்தார். நானும் சரி என்றேன். ஏழாவது வருடம் அந்த வீட்டம்மா கூப்பிட்டார்: “தம்பி, பெட்ரூம்ல பூச்சு உதிருது, வந்து பாருங்க.” துருவேறிய கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. என் செலவிலேயே கொத்தி எடுத்துச் சரிசெய்தேன். அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தாலும் எதை வைத்துக் கேட்டிருப்பார்? சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிய ஒற்றைத் தாள்தான் எங்களுக்குள் இருந்தது.

2014 ஜூனில் சென்னை அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குபவருக்கு நல்ல பலம் கொடுத்தது: கட்டிட அமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுவரை கட்டியவரே சரிசெய்ய வேண்டும்; வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் அது விற்பதற்காகக் கட்டுகிறவர்களுக்கான சட்டம். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டில் 2024 முதல் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடிவரை கட்ட சுயசான்றிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் தளத்தில் ஏறிப் பார்க்க ஆளில்லை.

அரசு வேலை எடுக்கக் காண்ட்ராக்டர் பதிவு வேண்டும். வயரிங் செய்ய லைசென்ஸ் வேண்டும். ஒருவர் ஆயுள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துக் கொடுக்கும் வீட்டைக் கட்ட எனக்கு எந்த லைசென்ஸும் தேவைப்படவில்லை. நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வீடு கட்டித் தருவதும் சேவை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அங்கே போகும்போது கம்பி உள்ளே புதைந்து கிடக்கும்.

வீடு கட்டிக் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் பதிவு வேண்டும். அஸ்திவாரம், தூண், தளம் மூன்றையும் மூடுமுன் காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழித்தே கொடுக்கலாம். சின்ன மேஸ்திரிகள் பிழைப்பு போய்விடும் என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் பதிவுக்கான தேர்வு தமிழில், கையில் கரணையோடு நடக்க வேண்டும். முப்பது வருடம் சுவர் கட்டியவரைத் தாள் நிரப்பத் தெரியாது என்று தள்ளிவிட்டால் அது பெரிய அநியாயம்.

இப்போதைக்கு என்னால் முடிந்தது ஒன்று. அந்த மாலையில் வீட்டுக்காரர் கையில் டேப்பையும் வரைபடத்தையும் கொடுத்து மேலே கூப்பிடுகிறேன். போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “எனக்கென்ன சார் தெரியும்” என்று தயங்கித்தான் ஏறினார். அரைமணி நேரம் குனிந்து அளந்தார். கம்பிகளுக்கு இடையே வரைபடத்தில் 6 அங்குலம், மாடிப்படி ஓரத்தில் 8 இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கம்பி கட்டுகிறவர்கள் லைட் போட்டு ராத்திரி பத்து மணிவரை மாற்றிக் கட்டினார்கள். அவர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முடிந்ததும் மறுபடி மேலே ஏறி அளந்தார்.